மண்ணீரல் கிழிந்தால்: சிவப்பு மண்டலத்திலிருந்து அறுவைக்கூடம் வரை

காப்சாய் மோட்டார் சறுக்குகிறது, கைப்பிடியின் முனை இடது விலாவுக்குக் கீழே குத்துகிறது. கோலாலம்பூரின் ஃபெடரல் நெடுஞ்சாலையானாலும் பினாங்குப் பாலமானாலும் காயம் ஒரே மாதிரிதான் வந்து சேரும். வெளியே சிறு சிராய்ப்பு. உள்ளே 150 கிராம் எடையுள்ள, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 5 விழுக்காட்டை வாங்கிக்கொள்ளும் உறுப்பு பிளந்திருக்கும். இந்தக் குறிப்பு அவசரப் பிரிவின் சிவப்பு மண்டலத்திலும் (உயிராபத்தில் உள்ளோரைப் பார்க்கும் இடம்) அறுவைக்கூடத்திலும் நிற்கும் ஹவுஸ்மன்களுக்கும் (பயிற்சி மருத்துவர்கள்) மெடிக்கல் ஆபீசர்களுக்கும் தாதியருக்கும் உரியது. அறுவை நிபுணர் தலைமையில்தான் இவை நடக்கும். ஆனால் அவர் அடுத்து என்ன கேட்பார், ஏன் கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் பல நிமிடங்கள் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் முன் மனத்தில் பதிய வேண்டியது இது: வயிற்றைத் திறக்கச் சொல்வது ஸ்கேன் படம் அல்ல, நோயாளியின் ரத்த ஓட்ட நிலை. படத்தில் சிதறிக் கிடக்கும் மண்ணீரல் கத்தி படாமலே ஆறியதுண்டு. படத்தில் சாதுவாகத் தெரிந்தது நான்காம் நாள் வெடித்ததும் உண்டு.

சந்தேகப்படுவது

இடப்பக்கம் 9, 10, 11ஆம் விலாக்களில் முறிவு இருந்தால், வேறு சான்று கிடைக்கும் வரை மண்ணீரலும் அடிபட்டதாகவே கொள்ளுங்கள். படுக்கவைத்ததும் இடது தோள்பட்டை நுனியில் வலி எடுத்தால், உதரவிதானத்துக்கு அடியில் ரத்தம் தேங்கியிருக்கிறது என்று பொருள். தோளில் அடிபட்டதா என்று எக்ஸ்ரே எடுக்க ஓடுவதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

இளைஞர்கள் ஏமாற்றுவார்கள். ஒன்றரை லிட்டர் வரை இழந்த பிறகும் மேல் ரத்த அழுத்தம் 110 காட்டலாம். அதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறியிருக்கும், கை கால் குளிர்ந்திருக்கும், ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாததன் அடையாளம்) உயர்ந்திருக்கும். பீட்டா பிளாக்கர் சாப்பிடும் பெரியவரிடம் நாடித்துடிப்பும் உதவாது. வந்தவுடன் எடுத்த ஹீமோகுளோபின் 13 என்பதால் நிம்மதி அடையாதீர்கள். திரவம் உள்ளே போய்க் கலந்த பிறகே அந்த எண் உண்மையைச் சொல்லும்.

நம் ஊரில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கடந்த சில நாள்களாகக் காய்ச்சல் இருந்ததா? டெங்கியில் பிளேட்லெட் குறையும், மண்ணீரல் வீங்கவும் கூடும். அந்த நிலையில் லேசான இடிபாடே அதைக் கிழிக்கப் போதும். தலசீமியாவால் மண்ணீரல் பெருத்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

முதல் பத்து நிமிடம்

இரு கைகளிலும் 14 அல்லது 16 அளவு ஊசிக் குழாய். அதே குத்தில் முழு ரத்த எண்ணிக்கை, உறைதல் பரிசோதனை, ஃபைப்ரினோஜன், ரத்த வாயு, ஜி.எக்ஸ்.எம். (ரத்த வகையும் பொருத்தமும் பார்க்கும் சோதனை) எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள். வழக்கமாக 4 முதல் 6 பை ரத்தம் பொருத்தச் சொல்வோம். நோயாளி சரிந்துகொண்டிருந்தால் பொருத்தும் வரை காத்திராமல் ஓ வகை ரத்தத்தை ஏற்றுங்கள். மலேசியாவில் ஆர்.எச். நெகடிவ் அரிது, ஆனால் மலாய்க்காரர், சீனரை விட இந்தியர்களிடம் கூடுதல். ஆகவே குழந்தை பெறும் வயதிலுள்ள இந்தியப் பெண் என்றால் ரத்த வங்கிக்குப் போன் செய்யும்போதே ஆர்.எச். பற்றிச் சொல்லிவிடுங்கள்.

உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராமை 10 நிமிடத்தில், பின்னர் 1 கிராமை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அடிபட்டு 3 மணி நேரம் தாண்டிவிட்டால் தொடங்காதீர்கள். அதன் பிறகு நன்மையை விடத் தீமை அதிகம். உப்புநீரைப் பை பையாக ஊற்றுவது ரத்தத்தை நீர்க்கச் செய்து, குளிர்வித்து, உறைந்த கட்டியைக் கழுவிவிடும். பெருமளவு இழப்பு என்றால் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் சம விகிதத்தில் கொடுங்கள். ரத்தப் பைகளில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். கசிவை அடைக்கும் வரை மேல் அழுத்தம் 80 முதல் 90 போதும். தலையில் அடி இருந்தால் இந்தச் சலுகை கிடையாது, மூளைக்கு அதற்கு மேல் தேவை.

ஃபாஸ்ட் ஸ்கேனில் (வயிற்றில் ரத்தம் தேடும் அவசர அல்ட்ராசவுண்ட்) பலர் செய்யும் தவறு, மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் மட்டும் பார்ப்பது. இடப்பக்கத்தில் ரத்தம் முதலில் உதரவிதானத்துக்கும் மண்ணீரலுக்கும் இடையில்தான் சேரும். புரோபை இன்னும் மேலே, இன்னும் பின்னே, அதைப் பிடித்த விரல் முட்டிகள் படுக்கையைத் தொடும் அளவுக்கு வையுங்கள். உறைந்த ரத்தம் கறுப்பாகத் தெரியாமல் மண்ணீரல் போலவே சாம்பல் நிறமாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஃபாஸ்டில் ரத்தம் தெரிகிறது, ரத்தம் ஏற்றியும் அழுத்தம் நிற்கவில்லை என்றால் சி.டி. அறைக்குப் போக வேண்டாம். நேராக அறுவைக்கூடம். அழுத்தம் நிலைத்தால் மட்டுமே சி.டி.

படமும் தரமும்

சி.டி. எடுக்கும்போது தமனிக் கட்டமும் போர்ட்டல் சிரைக் கட்டமும் (சாயம் தமனியிலும் பிறகு சிரையிலும் ஓடும் நேரத்துப் படங்கள்) இரண்டுமே வேண்டும் என்று கேளுங்கள். சிரைக் கட்டம் மட்டும் எடுத்தால் பொய்த் தமனி வீக்கம் (கிழிந்த தமனிச் சுவரருகே அடைபட்ட ரத்தப் பை) கண்ணுக்குத் தப்பிவிடும். வெள்ளைப் புள்ளி தாமதக் கட்டத்தில் மங்கினால் அது உள்ளே அடைபட்ட வீக்கம். பரவிப் பெரிதானால் அது ஓடும் ரத்தம்.

அமெரிக்க விபத்து அறுவை மருத்துவர் சங்கத்தின் 2018 தரவரிசைதான் எங்கும் பேசப்படுவது. உறைக்கடியில் மேற்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைவான ரத்தக்கட்டு, அல்லது 1 செ.மீ.க்கும் ஆழம் குறைந்த கிழிசல் என்றால் முதல் தரம். 10 முதல் 50 விழுக்காடு, அல்லது 1 முதல் 3 செ.மீ. என்றால் இரண்டாம் தரம். அதற்கு மேல் மூன்று. தமனிக் காயம், உறைக்குள் அடங்கிய கசிவு, அல்லது கால் பங்குக்கு மேல் ரத்த ஓட்டம் அறுந்த பகுதி இருந்தால் நான்கு. ரத்தம் உறையைத் தாண்டி வயிற்றுக்குள் பாய்ந்தாலோ, மண்ணீரல் சிதறிப் போயிருந்தாலோ ஐந்து.

கத்தியில்லாமல் காத்திருப்பது

நிலையான அழுத்தம், வயிற்றில் குடல் கிழிந்த அறிகுறி இல்லாமை, இடைவிடாத கண்காணிப்புள்ள படுக்கை, இரவு பகல் எந்நேரமும் திறக்கக்கூடிய அறுவைக்கூடம், கையில் ரத்தம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருப்பது சூதாட்டம். குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இப்படியே ஆறிவிடும். அவர்களின் மண்ணீரல் உறை தடிப்பானது.

முதல் நாள் மணிக்கொரு முறை நாடியும் அழுத்தமும், 6 மணிக்கொரு முறை ஹீமோகுளோபினும் பார்க்கப்படும். வயிற்றை ஒரே ஆள் தொட்டுப் பார்ப்பது நல்லது. ஷிஃப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து தொட்டுப் பார்த்துக் கைமாற்றுங்கள். மூன்றாம் தரமும் அதற்கு மேலும் என்றால் 48 முதல் 72 மணி நேரத்தில் மறுபடி சி.டி. எடுத்துப் பொய்த் தமனி வீக்கம் தேடுவது பல இடங்களில் வழக்கம். தோல்விகள் பெரும்பாலும் முதல் நான்கைந்து நாள்களில் வரும்.

நிலையான நோயாளிக்குத் தமனிக் காயம் தெரிந்தாலோ நான்கு, ஐந்தாம் தரம் என்றாலோ எம்போலைசேஷன் (தமனிக்குள் குழாய் விட்டு உள்ளிருந்தே அடைப்பது) யோசிக்க வேண்டும். மைய அடைப்பில் மண்ணீரல் தமனியின் தண்டிலேயே காயில் (சுருள் கம்பி) வைப்பார்கள். அழுத்தம் விழும், ஆனால் இரைப்பை வழியாக வரும் கிளைகள் மண்ணீரலைச் சாகவிடாது. ஒரே இடத்தில் வீக்கம் என்றால் அந்தக் கிளையை மட்டும் அடைக்கலாம். ஆனால் அடைப்புக்கு அப்பால் உள்ள திசு அழுகிச் சீழ்பிடிக்கும் வாய்ப்பு சற்றுக் கூடும். பின்பு வரும் காய்ச்சலும் இடது மார்பு நீரும் பல நேரம் தானே தணியும். எந்த மருத்துவமனையில் இரவிலும் இந்த வசதி உண்டு என்பதை விபத்து நடந்த பிறகு தேடக்கூடாது. நிலைகுலைந்தவரை அதற்காக ஆம்புலன்சில் ஏற்றவும் கூடாது.

அறுவை

மயக்கம் கொடுப்பதற்கு முன்பே மார்பிலிருந்து தொடை நடு வரை மருந்து தடவி, துணி போர்த்தி, கத்தியோடு தயாராக நிற்க வேண்டும். வயிற்றுத் தசையின் இறுக்கம்தான் அதுவரை ரத்தத்தை அமுக்கிப் பிடித்திருக்கிறது. தசை தளர்ந்ததும், பிறகு வயிறு திறந்ததும் என இருமுறை அழுத்தம் சரியும். இதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, ரத்தம் இணைத்து வைத்த பிறகே தொடங்குங்கள். செஃபுராக்ஸிம் 1.5 கிராமும் மெட்ரோனிடசோல் 500 மி.கி.யும் கீறலுக்கு முன் போகட்டும். ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் ஆன்டிபயாட்டிக்கை மறுபடி கொடுங்கள், முதல் மருந்து ரத்தத்தோடு வெளியே போய்விட்டது.

மேசையில் இரண்டு சக்‌ஷன், எண்ணி வைத்த பெரிய பேக் (ரத்தத்தை ஒத்தி அமுக்கும் துணி) குறைந்தது 20, நீண்ட வளைந்த கிளாம்ப்கள், நீண்ட கத்தரி, 2-0 பட்டு நூல், ஊசியோடு கூடிய 2-0 நூல். மூக்கு வழியாக இரைப்பைக் குழாய் போடாமல் தொடங்காதீர்கள். உப்பிய இரைப்பை மண்ணீரலை முழுக்க மறைத்துவிடும்.

மார்பெலும்பு நுனியிலிருந்து தொப்புளுக்குக் கீழ் வரை நடுக்கோட்டில் ஒரே நீளக் கீறல். பக்கவாட்டுக் கீறலில் அழகு இருக்கலாம், ஆனால் கல்லீரலும் கிழிந்திருந்தால் அது போதாது. குடலை வலப்பக்கம் ஒதுக்கி, ரத்தக்கட்டியைக் கையால் அள்ளி எடுங்கள், உறிஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். இடது மேல்பகுதியில் முதலில் பேக், பிறகு மற்ற மூன்று மூலைகளிலும். இங்கே ஒரு கணம் கையை வைத்தபடி நிறுத்துங்கள். மயக்க மருத்துவர் ரத்தம் ஏற்றிப் பிடித்துக்கொள்ள இது வாய்ப்பு.

மண்ணீரலை நடுவுக்குக் கொண்டுவருவதுதான் அறுவையின் முக்கால் பங்கு. அறுவை மருத்துவர் நோயாளியின் வலப்பக்கம் நிற்கிறார். இடது கையை மண்ணீரலின் வளைந்த பரப்பின் மேலாக வழுக்கவிட்டு, விரல்நுனி பின்புறம் போகும்படி பிடித்து, நடுவுக்கும் கீழுக்கும் மென்மையாக இழுக்கிறார். அதற்கு முன், கீழ்முனையில் ஒட்டியிருக்கும் கொழுப்பு மடிப்பும் பெருங்குடல் வளைவின் தசைநாரும் விடுபட்டிருக்க வேண்டும். அவற்றைப் பிடித்து இழுத்தால், விபத்தில் தப்பிய உறை நம் கையாலேயே கிழியும்.

இப்போது பக்கவாட்டில் வெண்மையான மடிப்பு தெரியும். மண்ணீரலிலிருந்து ஒன்று முதல் இரண்டு செ.மீ. தள்ளிக் கத்தரியால் வெட்டி, மேலே உதரவிதானம் வரை போங்கள். பிறகு விரல்களால் பின்னால் பிரிக்கலாம். சரியான தளம் கணையவாலுக்குப் பின்னே, இடது சிறுநீரகக் கொழுப்புக்கு முன்னே. சிறுநீரகம் கையோடு மேலே வந்தால் மிக ஆழமாகப் போய்விட்டீர்கள். தளம் சரியென்றால் மண்ணீரலும் கணையவாலும் சேர்ந்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல வலப்பக்கம் திரும்பி காயத்தின் மட்டத்துக்கு வரும். வெற்றிடத்தில் இரண்டு மூன்று பேக் வையுங்கள். அவை கசிவை அடக்கும், மண்ணீரலையும் மேலேயே தாங்கும்.

உயிர் போகும் நேரமென்றால் மண்ணீரலின் நுழைவாயில் ரத்தநாளங்களைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிப் பிடியுங்கள். கிளாம்பை விட விரல் புத்திசாலி. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாகக் கிளாம்ப் போட்டால் கணையவால் சிக்கும். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் கணையவால் நுழைவாயிலிலிருந்து ஒரு செ.மீ.க்குள்தான் இருக்கிறது, பலருக்குத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

அடுத்து இரைப்பைக்குப் போகும் குறுநாளங்கள். மேலே போகப் போக இவை குட்டையாகும். மிக மேலே உள்ளதில் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் இடையே நூல் நுழையவே இடமிருக்காது. கிளாம்பை மண்ணீரலுக்கு நெருக்கமாகப் போடுங்கள், ஒவ்வொன்றையும் தனியாகக் கட்டுங்கள். இரைப்பைச் சுவரைக் கட்டுக்குள் இழுத்துவிட்டால் அந்த இடம் அழுகி, சில நாள் கழித்து ஓட்டையாகும். சந்தேகம் இருந்தால் 3-0 நூலால் அந்த விளிம்பை உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

நுழைவாயிலில் தமனியை முதலில், சிரையை அடுத்து, தனித்தனியே, மண்ணீரலுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே. தமனிக்கு இரண்டு கட்டு, அதில் ஒன்று ஊசியால் குத்திக் கட்டியது. இரண்டையும் ஒரே கட்டில் சேர்த்துக் கட்டினால் பின்னாளில் தமனிக்கும் சிரைக்கும் இடையே வழி உருவாகலாம். ரத்தநாள ஸ்டேப்ளர் இருந்தால் வேகம், ஆனால் அதன் தாடைகளுக்குள் கணையம் இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகே அழுத்துங்கள்.

மண்ணீரல் வெளியே வந்தபின் அவசரம் காட்டத் தேவையில்லை. பேக்கைச் சுருட்டிக்கொண்டே மெல்ல எடுத்து, உதரவிதானத்தின் அடியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்: வெட்டிய மடிப்பின் விளிம்பு, கணையவால், இரைப்பையின் பெருவளைவில் உள்ள கட்டுகள், கடைசியில் நுழைவாயில். உதரவிதானத்தில் கிழிசல் இருக்கிறதா என்று கையால் தடவுங்கள். பிறகு மற்ற மூலைகள், குடல் முழுவதும், சிறுகுடல் மடிப்பு. மண்ணீரல் கிடைத்த மகிழ்ச்சியில் குடல் ஓட்டையைத் தவறவிடுவதுதான் இந்த அறுவையில் பெரிய அவமானம். நீரை வெளியே வடிக்கும் ட்ரெயின் குழாய் வழக்கமாகத் தேவையில்லை. கணையம் அடிபட்டதாகத் தோன்றினால் மட்டும் வையுங்கள்.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே, ரத்தத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 7.2க்குக் கீழே, எங்கு தொட்டாலும் ரத்தம் ஊறுகிறது என்றால் மண்ணீரலை எடுத்து, அது இருந்த இடத்தில் பேக் வைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி ஐ.சி.யு.வுக்கு அனுப்புங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்பி வந்து பேக் எடுக்கலாம். கிழிந்த மண்ணீரலின் மேலேயே பேக் வைத்துவிட்டு மூடுவது வேலைக்காகாது, அது தொடர்ந்து ஒழுகும். எத்தனை பேக் உள்ளே என்பதைப் பெரிய எழுத்தில் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

தைத்துக் காப்பாற்றுவது இன்று அரிதாகிவிட்டது. தைக்கத் தகுந்த மண்ணீரல்கள் இப்போது வயிற்றைத் திறக்காமலே ஆறிவிடுகின்றன. வேறு காரணத்துக்காகத் திறந்தபோது சிறு கிழிசல் தெரிந்தால், நோயாளி நிலையாக இருந்தால், செய்யலாம். முழுமையாக நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே தைக்க வேண்டும், ஆழத்தில் தைத்தால் கிழிசல் நீளும். உதவியாளர் இரு விளிம்பையும் கையால் சேர்த்துப் பிடிக்க, முனை மழுங்கிய ஊசியால், டெஃப்லான் துண்டு வைத்துத் தையல். விளிம்புகள் தொட்டதும் முடிச்சை நிறுத்துங்கள், இறுக்கினால் வெண்ணெயில் நூல் இறங்குவது போல அறுத்துவிடும். ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் மூன்றில் ஒரு பங்காவது மிஞ்ச வேண்டும், அதற்குக் குறைந்தால் நோய் எதிர்ப்புக்குப் பயனில்லை.

வார்டில்

இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குவதுதான் மிகப் பொதுவான தொல்லை. வலி மருந்து போதாமல் மூச்சை மேலோட்டமாக விடுவதே காரணம். முதல் நாளிலேயே உட்காரவையுங்கள், பிசியோவை அழையுங்கள். இரைப்பைக் குழாய் ஓரிரு நாள் இருக்கட்டும். இரைப்பை உப்பினால் மேலே போட்ட கட்டு நழுவும்.

மண்ணீரல் போனபின் வெள்ளணுவும் பிளேட்லெட்டும் தாமாகவே ஏறும். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் வெள்ளணு 15,000க்கு மேல் இருந்து, பிளேட்லெட்டை வெள்ளணுவால் வகுத்தால் 20க்குக் குறைவாக வந்தால் தொற்றைத் தேடுங்கள். விடாத காய்ச்சல், விக்கல், இடது தோள் வலி சேர்ந்தால் உதரவிதானத்தடியில் சீழ். ட்ரெயின் வைத்திருந்தால் மூன்றாம் நாள் அந்த நீரில் அமைலேஸ் (கணைய நொதி) பார்க்க அனுப்புங்கள். ரத்த அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்றால் கணையம் ஒழுகுகிறது. பிளேட்லெட் பத்து லட்சத்தைத் தாண்டினால் ஆஸ்பிரின் பற்றி நிபுணரிடம் பேசுங்கள். கசிவு நின்றது உறுதியானதும், பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில், சிரைகளில் ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபாரின் 40 மி.கி. தினமும். திடீர் வயிற்று வலியோடு காய்ச்சல் வந்தால் போர்ட்டல் சிரை உறைவு இருக்கலாம், ஸ்கேன் தேவை.

வீட்டுக்கு அனுப்பும் முன்

மண்ணீரல் எடுத்தவருக்குச் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும். தடுப்பூசி போடாமல் வீட்டுக்கு அனுப்பினால் அறுவை பாதியில் நின்றது என்று பொருள். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுவென்சா பி) மூன்றும் தேவை, ஆண்டுதோறும் இன்ஃப்ளுவென்சா. அறுவை முடிந்து 14ஆம் நாள் போட்டால் உடல் நன்றாகப் பதிலளிக்கும். ஆனால் நோயாளி திரும்பி வருவார் என்ற உறுதி இல்லையென்றால் வார்டிலேயே போட்டு அனுப்புவது மேல். எஸ்டேட்டிலோ தொலைவான கம்போங்கிலோ வசிப்பவருக்கு இதுதான் சரி. நிமோகாக்கஸ் இணைப்பு வகையை முதலில் போட்டு, குறைந்தது 8 வாரம் கழித்து 23 வகைகளுக்கான ஊசி. மெனிங்கோகாக்கஸ் ஏ.சி.டபிள்யு.ஒய். 8 வார இடைவெளியில் இரண்டு முறை, பிறகு 5 ஆண்டுக்கொரு முறை. இந்த ஊசி எங்கே கிடைக்கும் என்று குடும்பத்தார் தவித்தால், உம்ரா, ஹஜ் பயணிகளுக்கு ஊசி போடும் கிளினிக்குகளை விசாரிக்கச் சொல்லுங்கள். பயணிகளுக்கு அதுவேதான் தேவை. மெனிங்கோகாக்கஸ் பி வகைக்குத் தனி ஊசி.

பென்சிலின் வி 250 மி.கி. தினம் இருமுறை, பெரியவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டு என்பது பரவலான வழக்கம். கூடவே அவசரத்துக்கு வீட்டில் அமாக்சிசிலின்-கிளாவுலனிக் ஒரு பட்டை. 38 டிகிரி காய்ச்சல் என்றால் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு நேராக அவசரப் பிரிவு. பனடால் போட்டுப் பார்க்கலாம் என்று ஓர் இரவு காத்திருந்தவர்கள் காலைக்குள் செப்சிசில் விழுந்திருக்கிறார்கள். அந்தத் தொற்று வந்தவர்களில் பாதிப் பேர் வரை இறக்கலாம் என்பதைக் குடும்பத்திடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

பர்ஸில் வைக்க ஓர் அட்டை எழுதிக் கொடுங்கள், மலாயில் 'தியாடா லிம்பா' (மண்ணீரல் இல்லை) என்றும் ஆங்கிலத்திலும். ஆம்புலன்ஸ்காரர் படிக்கப்போவது அதைத்தான். நாய் கடித்தால் சிறு கீறலானாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சபா, சரவாக் காடுகளுக்கோ தீபகற்பத்தின் உள்நாட்டு மலைகளுக்கோ முகாம் போகிறவர்களுக்கு குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் நோலேசி மலேரியா பற்றிச் சொல்லுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியா முற்றும் வேகம் அதிகம்.

அறுவையானவர் 6 வாரம் வரை கனமான எதையும் தூக்கக்கூடாது. மண்ணீரலோடு காத்திருந்து ஆறியவர் பந்து விளையாட்டு, சிலம்பம், மோட்டார் ஓட்டம் எல்லாவற்றையும் நிபுணர் சொல்லும் வரை, உயர்தரக் காயமென்றால் வழக்கமாக 3 மாதம், தள்ளிவைக்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார் என்றால் தேதியைக் கேட்டு எண்ணிப் பாருங்கள்; வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெருங்காவடியின் பாரம் ஆறாத நடுக்கீறலில் நேராக விழும். அந்த ஆண்டு பால்குடம் போதும் என்று சொன்னால் பெரும்பாலும் வீட்டிலுள்ள பாட்டியே ஒப்புக்கொள்வார்.